கவிழ்க்காத ஒன்பது

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாக்களை மூடியதும், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சீட்டுக்கட்டு வெளியே வரும். காசு வைத்து ஆட மேனேஜர் டேவிட்சன் விடமாட்டார். அதனால் கன்டெய்னர் கதவுகளில் மாட்டியிருந்து வெட்டிப்போட்ட சீல்கள்தான் பந்தயம். மஞ்சளும் நீலமுமாக ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. கடைசிவரை நின்று ஜெயிப்பவர், மறுநாள் எந்தக் கப்பலுக்கு ஏறிப் போவது என்று தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கிவருகிற வேலை அது.

அந்த வாரச் சனிக்கிழமைக்கு மூன்று கப்பல். இரண்டு நிலக்கரிக் கப்பல். போய் வந்தால் மூக்குச் சிந்தினாலும் கறுப்பாக வரும். மூன்றாவது கன்டெய்னர் கப்பல். சுத்தமான தளம், கேப்டன் அறையில் காபி, கிளம்பும்போது கையில் ஒரு சாக்லேட் பெட்டி. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான்.

ஜெயஷீலாவும் அந்தக் கப்பலைத்தான் குறிவைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது காபி இல்லை.

வியாழக்கிழமை அந்தக் கப்பலின் ஆட்கள் பட்டியலை டைப் அடிக்கும்போது, பதினோராவது பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது. பெவின் அற்புதமணி, இன்ஜின் பிரிவு. அவள் பெற்ற பிள்ளை. வீட்டைவிட்டுப் போய்ப் பதினாலு மாதம். போன் போட்டால் எடுப்பதில்லை. கப்பல் ஏழு மணி நேரம்தான் நிற்கும். யாரும் கரையிறங்க அனுமதியும் இல்லை. ஏறிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஆபீசில் கொடுத்திருப்பார்களே என்பீர்கள். கொடுத்திருப்பார்கள்தான். ஆனால், பெற்ற பிள்ளை ஊருக்கு வருவதைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? சீட்டையே நம்பி உட்கார்ந்தாள்.

ஆட்டம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், சுலபம்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் கண்ணுக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பந்தயம் வைக்கலாம். எதிராளி வைத்த அளவுக்கு வைக்க மனமில்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடலாம். வரம்பு மட்டும் கிடையாது. நினைத்தால் கையிலிருப்பதை மொத்தமாகத் தள்ளலாம். கடைசியில் தன் சீட்டும் நடுச்சீட்டுமாகப் பெரிய ஜோடியோ வரிசையோ சேர்த்தவருக்குக் குவியல் முழுவதும்.

ஜெயஷீலா நாசரேத்துக்காரி. சீட்டுக்கட்டு வாசற்படி தாண்டாத வீட்டில் வளர்ந்தவள். ஐம்பது வயதுக்கு மேல் இந்த ஆபீசில்தான் கற்றுக்கொண்டாள். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி வந்தால் வைப்பாள், மற்றதையெல்லாம் கவிழ்த்துவிடுவாள். உட்கார்ந்ததற்கே முறைவைத்து இரண்டிரண்டு சீல் போட வேண்டும் என்பதால், கவிழ்த்துக் கவிழ்த்தே கரைந்து போவாள். வாராவாரம் நிலக்கரிக் கப்பல் அவளுக்குத்தான்.

எதிரில் இரண்டு பேர். மகாராஜன் எது வந்தாலும் கவிழ்க்கமாட்டார். கடைசிச் சீட்டையும் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சிவனணைந்தபெருமாள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டுப் பிள்ளை. சீட்டைச் சரியாகப் பார்க்காமலே சீலைக் குவித்துத் தள்ளுவான். பயந்துபோய் எல்லோரும் கவிழ்த்ததும் தன் சீட்டைத் திருப்பிக் காட்டிச் சிரிப்பான். பத்தில் எட்டுத் தடவை அதில் ஒன்றுமிருக்காது.

அந்தப் பத்தில் எட்டைத்தான் வியாழக்கிழமை ராத்திரி முழுக்க அவள் யோசித்தாள். எல்லாத்துக்கும் வைக்கிறவனிடம் ராஜா ஜோடிக்காகக் காத்திருந்து என்ன பயன்? அவனுக்கு முன்னால் நடுத்தரச் சீட்டும் பெரிய சீட்டுத்தானே?

“என்னக்கா, செபக்கூட்டத்துக்கு வந்த மாரி உக்காந்திருக்கிய,” என்றான் பெருமாள். “சீக்கிரம் கவுத்துட்டுப் போங்க, பைல் கெடக்கு.”

“நீ வைலே, பாப்போம்.”

முதலில் மகாராஜன். அவரை மிரட்டிப் பிரயோசனமில்லை, மிரளவே மாட்டார். ராணி ஜோடி வரும்வரை பொறுத்திருந்தாள். வந்ததும் வழக்கமாக வைக்கிறதைப்போல மூன்று பங்கு வைத்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கடைசிவரை கூட வந்தார்.

“ஏளா, எனக்குத் தெரியும் ஒங்கிட்ட பெருசு இருக்குன்னு.”

“பெறகு எதுக்கு அண்ணாச்சி வச்சிய?”

“பாக்கணும்லா!”

மகாராஜனிடம் சீல் காலி. அவர் பல்குத்தியோடு எழுந்துபோய், டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டேவிட்சன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இனி பெருமாள் ஒருத்தன். அவளுக்கு ராஜாவும் ஒன்பதும் வந்தன. நடுவில் ஒன்பது, ஜாக், நாலு. ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. ஆனால் ஜாக் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் வரைக்கும் இதை அவள் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். இன்றைக்கு மேசையைத் தட்டினாள். நீயே வை என்று அர்த்தம். பெருமாள் வைத்தான். அவளும் சமமாக வைத்தாள்.

அடுத்தது ஏஸ். ஜாக்கையும்விடப் பெரிது. மறுபடி தட்டினாள்.

“ஏஸுக்கா, ஏஸு! பயமா இல்லியா?” இரண்டு கையாலும் அள்ளி வைத்தான்.

வைத்தாள். கடைசிச் சீட்டு இரண்டு. அதற்கும் தட்டினாள். பெருமாள் மிச்சமிருந்த சீல் அத்தனையையும் முழங்கையால் ஒதுக்கித் தள்ளினான். ஒன்று உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவன் கையில் ஏஸ் இருந்தால் தோற்றாள். ஜாக் இருந்தாலும் தோற்றாள். கன்டெய்னர் கப்பல் போயிற்று, பதினோராவது பெயரும் போயிற்று. ஒன்பதின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பத்தில் எட்டு, பத்தில் எட்டு என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு தன் சீல்களைத் தள்ளினாள்.

“காட்டுலே.”

பெருமாளின் சிரிப்பு நின்றது. ராணியும் பத்தும். வரிசை சேர்ப்பதற்கு எட்டோ ராஜாவோ வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறான். ஒரு ராஜா அவள் கையிலேயே இருந்தது.

“ஒன்பதா? ஒன்பதை வச்சிக்கிட்டா அம்புட்டையும் புடிச்சிய?” எழுந்தேவிட்டான். “ஒரு காபிக்கு இம்புட்டா யக்கா?”

“காபிக்கு இல்லப்பா. அதுல எங்க பெவின் வாரான்.”

டேவிட்சன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.  பெருமாள் குனிந்து, கீழே விழுந்த சீலை எடுத்து அவள் குவியலில் போட்டான்.

“நாளைக்கு துறைமுகத்து கேட் வரை நான் வண்டில கொண்டு விடுதேன்க்கா,” என்றான்.

மறுநாள் மூன்று மணிக்குக் கேப்டனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, எண்ணெய்க் கறையோடு ஆரஞ்சு உடுப்பில் பெவின் வழியில் நின்றான். இளைத்திருந்தான்.

“எதுக்கும்மா வந்த?”

எப்போதும் அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவான். இன்றைக்கு அவள் பேசவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவன் வைக்கட்டும், எல்லாவற்றையும் வைக்கட்டும்.

வைத்தான். சுடலைச்செல்வியைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வந்து நின்றபோது, சபையில் என்ன சொல்வார்கள் என்று அம்மா கேட்டது. அந்தப் பெண் வீட்டுக்கு ஒரு தடவையாவது வா என்று கெஞ்சியும் வராதது. “அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டு, தெரியுமா? ஆவணியில. சிங்கப்பூர்ல நின்னுகிட்டு போட்டோவுல பாத்தேன்.” அதோடு நிறுத்தினான். வைக்க இனி அவனிடம் ஒன்றுமில்லை.

உன் நல்லதுக்குத்தானே என்று ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

“நான் பயந்துட்டேன்டா பெவின். அவ்வளவுதான். அவ மேல ஒரு குத்தமும் கெடயாது, ஒம்மேலயும் கெடயாது.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி இறக்கி முடித்தது.

“ஏணி ஆடும். பின்னால வா,” என்று அவளுக்கு முன்னால் இறங்கினான். கடைசிப் படியில் நின்றான். அதற்கு அடுத்தது கரை. அவன் கால் படக்கூடாது. ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

“பங்குனியில திரும்ப வருவோம். அப்பவும் நீதான் வருவியா?”

“தெரியாதே. பெருமாளுட்ட சீட்டுல ஜெயிக்கணும்லா.”

“சீட்டா?” அவன் கண் விரிந்தது. “நீயா? தாத்தாவுக்குத் தெரிஞ்சா கல்லறையிலருந்து எந்திரிச்சு வருவாரு!”

“நேத்து ஜெயிச்சுத்தான் வந்தேன். ஒன்பது ஜோடி. நடுவுல ஜாக்கும் ஏஸும் கெடந்துது.”

“ஏஸு கெடக்கயிலயா ஒன்பதைக் கவுக்காம வச்சிருந்த?” அவன் சிரித்துவிட்டான். பதினாலு மாதம் கேட்காத சிரிப்பு. கம்பியில் சாய்ந்துகொண்டான். “இரு, இரு. மொதல்லருந்து சொல்லு. அவன் எம்புட்டு வச்சான்?”

அவள் கையெழுத்து வாங்கிய பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரையில் நின்றபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.