பன்னிரண்டாவது புள்ளி

கப்பலைத் தராசில் வைக்க முடியாது. அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எடை சொல்ல வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. என் பெண்டாட்டி டெல்பின் விண்மீன் மண்டலங்களுக்கு எடை பார்க்கிறாள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருடமாக ஆராய்ச்சி. ஓரத்து வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அளந்தால் உள்ளே எவ்வளவு எடை என்று தெரிந்துவிடுமாம்.

அவள் எடுத்துக்கொண்ட மண்டலத்தில் பன்னிரண்டு இடங்களில் வேகம் அளந்திருந்தாள். ஓரத்தில் இருக்கும் கடைசிப் புள்ளியில் மட்டும் மிதமிஞ்சிய வேகம். அதை நம்பினால், கண்ணுக்குத் தெரிவதைப்போல நாற்பது மடங்கு எடை தெரியாமல் ஒளிந்திருக்க வேண்டும். அது பிழை, நீக்கிவிட்டு நாளை மறுநாள் மதியத்துக்குள் கட்டுரையை அனுப்பு, இல்லையென்றால் பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போகும் என்று சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கெடு முடியும் நாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டே நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

“தூக்கிப் போடுளா. நாங்களும் கணக்கு இடிச்சா கான்ஸ்டன்ட்ட மாத்தி எழுதிருவோம்லா.”

கான்ஸ்டன்ட் என்பது கப்பல் எடையில் காரணம் சொல்ல முடியாத மிச்சம். துரு, பழைய கயிறு, பெயின்ட் என்று எல்லாக் கப்பலிலும் கொஞ்சம் இருக்கும். டெல்பின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று உப்பு ஏற்ற வந்த காலிக் கப்பலில் அந்த மிச்சம் ஐந்நூறு டன் வந்தது. கேப்டனின் காகிதத்தில் இருநூறு. இருநூறு என்றே எழுதிவிடு என்றார் அவர். வேறு நாளாயிருந்தால் எழுதியும் இருப்பேன். டெல்பின் பார்த்த பார்வை உறுத்தியது. திரும்பவும் கயிற்றேணியில் படகுக்கு இறங்கி, முன், நடு, பின் என்று இரண்டு பக்கமும் ஆறு அளவுக்குறிகளைப் படித்தேன். வாளியில் கடல்நீர் மொண்டு அதன் அடர்த்தியையும் பார்த்தேன். அதே ஐந்நூறு.

காலிக் கப்பல் நிலையாக நிற்க வழியிலுள்ள துறைமுகத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும் அடித்தொட்டிகளில், தண்ணீர் இறைத்துவிட்ட ஒன்றைத் திறக்கச் சொன்னேன். உள்ளே முழங்கால் அளவுக்குச் சேறு. எந்த ஆற்றுத் துறைமுகத்துச் சேறோ. யார் கண்ணிலும் படவில்லை, ஆனால் கப்பல் அதற்குத் தக்கபடி அமிழ்ந்துதான் நின்றிருக்கிறது.

மணி பதினொன்றரை. உடனே டெல்பினுக்குப் போன் போட்டேன்.

“அழிச்சிட்டியா?”

“இன்னும் இல்ல. கை வரமாட்டேங்கு.”

“அழிக்காத. காலைல தெரியாம சொல்லிட்டேன். எத்தன தடவ அளந்த?”

“நாலு. நாலும் ஒண்ணுதான்.”

“அப்ப அங்கன எடை இருக்குளா.” சேற்றுக் கதையைச் சொன்னேன்.

அவள் சொன்னாள், “நீங்க மூடியத் தொறந்து பாத்துட்டீங்க. எனக்குத் தொறக்க மூடி இல்லையே.”

போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பட்டப்பகல், வெறும் நீலம். அதற்குப் பின்னால் எங்கோ அவளுடைய மண்டலம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் வெளிச்சம் கிளம்பிப் பதினைந்து கோடி வருடம் ஆகிறது. அத்தனை பெரியதை, கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று சிதறாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் எடையை மில்லர்புரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நான்தான் தோசை சுட்டேன். பன்னிரண்டு புள்ளிகளோடும் அனுப்பிவிட்டாளாம். மறுபடி முதலிலிருந்து அள, இரண்டு வருடம் ஆகும் என்று பேராசிரியர் பதில் எழுதியிருந்தார்.

“அங்கன என்னதான்ளா இருக்கு?” என்றேன்.

“தெரியாது. இந்த உலகத்துல யாருக்குமே தெரியாது,” என்று சிரித்துவிட்டு, இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினாள்.