பரஞ்சோதியின் அக்கார்டியன்

...சாப்பிடவா கிண்டுகிறாள், பசைக்கு! பிள்ளைகள் வயிறு ஒட்டிக் கிடக்கிற காலத்தில் ஒரு சட்டி மரவள்ளி மாவு மரத்துக்குத் தீனி, நவமணி அகப்பையை ஓங்கி அடித்தாள்... யாருக்காக? இந்தச் சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் விழா நடத்துகிறானாம், அதில் அவனுக்குப் பாட்டு வேண்டுமாம், சயாம் ரயில் போடப் போன அவள் கணவன் பரஞ்சோதியின் அக்கார்டியன்தான் வேண்டுமாம், ஆனால் பெட்டி முகத்தில் இருக்கும் வெள்ளைக்காரன் எழுத்து மட்டும் கண்ணில் படக் கூடாதாம். மேலே மரம் ஒட்டி அழகாக்கிக் கொடுத்தால் அடுத்த ஆள்பிடிப்பில் சின்னையாவை விட்டுவிடுவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நடராஜா சொல்லியிருக்கிறார், உடனே கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாரே இந்தச் சின்னையா மூத்தார், பரஞ்சோதியின் அண்ணன், தோட்டத்துத் தச்சர். துரை பங்களாவின் உடைந்த அலமாரியிலிருந்து சூட்டில் உரித்தெடுத்த தேக்கு, காகிதக் கனம்தான் இருக்கும், அதைத் தடவித் தடவிப் பார்க்கிறார், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதைப் போல.

போன தடவை இவர்தானே போயிருக்க வேண்டும்? வீட்டுக்கு ஒருவர் என்று கிராணி வந்து நின்றபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார், பரஞ்சோதி கிளம்பினார்... இப்போது பெட்டியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும், ஆனால் மூத்தாரிடம் வாய் திறக்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் உண்டா, எதுவானாலும் ஓரகத்தி செல்லாயியிடம்தான் சொல்ல வேண்டும். பசைச் சட்டியை எட்ட நின்று நகர்த்தி வைத்தாள், அப்போதுதான் பார்த்தாள்... தேக்கை முகம் முழுக்க விரித்துவிட்டாரே, எழுத்தோடு சேர்த்து அந்தச் சல்லடைத் துளைகளையும் மூடப் போகிறாரே! அது அலங்காரம் இல்லை, பெட்டி மூச்சு விடுகிற வழி என்று பரஞ்சோதி எத்தனை முறை சொல்லியிருக்கிறார், மேசை நாற்காலி செய்கிற கைக்கு எங்கே தெரியும். மூடட்டுமே. நன்றாக மூடட்டும். விழாவில் பெட்டி முனகினால் ஜப்பான்காரன் சும்மா விடுவானா, மறுநாளே லாரியில் ஏற்றிவிடுவான். அவளா செய்தாள்? பேசக் கூடாத இடத்தில் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதானே... செல்லாயி மடியில் கடைக்குட்டி இருமியது, எலும்பும் தோலுமாக. இவரும் போய்விட்டால் இதுகளுக்கு யார், அப்புறம் பரஞ்சோதி போனதுதான் எதற்கு?

"மூடாதீங்க மாமா, காத்து அந்த வழியாத்தான்!"

தன் குரலா அது? மூத்தாரின் கை நின்றது, ஆனால் அவர் திரும்பவில்லை.

"எந்த வழின்னு கேளு செல்லாயி."

"எந்த வழியாம் நவமணி?" செல்லாயிக்குக் கண் பிதுங்கியது.

"அந்தச் சின்னச் சின்ன ஓட்டைங்கக்கா. அத மட்டும் வெட்டி விடச் சொல்லுங்க."

கத்தி தேக்கைக் கீறத் தொடங்கியது, பொறுமையாக, ஒவ்வொரு துளையாக. நல்லதைத்தானே செய்தாள், பிறகு ஏன் இந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, மூத்தார் மேல் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தாள்... அண்ணன் பிள்ளைகளுக்காகப் புறப்பட்ட அந்த மனிதர், போகட்டுமா என்றுகூட இவளிடம் கேட்கவில்லையே.