வலிக்கவில்லை என்று சொன்ன வார்டு

டாக்டர் எஸ்தர்ராணி மயக்க மருந்து டாக்டர். மதுரையில் மேல்படிப்பை முடித்துவிட்டு, எண்பத்தொன்றில் கோவில்பட்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு அதிக வேலை இல்லை. வேலையெல்லாம் தீக்காய வார்டில் கிடந்தது. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து தீப்பற்றி வெந்தவர்கள், ஸ்டவ் வெடித்தவர்கள் என்று அங்கே கட்டில் காலியாவதே இல்லை.

வெந்தபோது பட்ட வலியைவிடக் கட்டுப் பிரிக்கும்போது வருகிற வலி கொடியது. புண்ணோடு ஒட்டிப்போன துணியை உரித்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் போடுகிற வழக்கமான ஊசியே போதுமா, கெட்டமின் என்ற புது மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் தேவலையா என்பதுதான் எஸ்தர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. புது மருந்தில் நோயாளி தானாகவே மூச்சு விடுவார். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஆனால் விலை கூடுதல். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் காத்திருந்தது.

வலியை அளக்க வெளிநாடுகளில் காகிதத்தில் ஒரு கோடு போட்டு, எவ்வளவு என்று தொட்டுக் காட்டச் சொல்வார்கள். இங்கே பெண்கள் கோட்டைப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள். எஸ்தர் பத்துப் புளியங்கொட்டையைக் கொடுத்து, தாங்க முடியாத வலி என்றால் பத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாள். கையில் கட்டுள்ளவர்களுக்கு நர்ஸ் கிருபா எடுத்து வைத்தாள். எல்லாருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது.

சில மாதங்களில் முடிவு தெரிந்தது. எந்த மருந்து கொடுத்தாலும் எல்லாரும் ஒரு கொட்டை, இரண்டு கொட்டைதான். புது மருந்துக்கு அவசியமே இல்லை என்றாயிற்று. அவளுக்கு வழிகாட்டியாக இருந்த மதுரைப் பேராசிரியர் தேவஆசீர்வாதம், சென்னை மாநாட்டில் வாசிக்க இதையே எழுதச் சொன்னார்.

எழுத உட்கார்ந்த வாரத்தில் சீனித்தாய்க்குக் கட்டுப் பிரித்தார்கள். பசுவந்தனைக்காரி, தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு கையும் வெந்து வந்தவள். அவளுக்கு வழக்கமான ஊசி. எப்போதும் தலைமாட்டில் நிற்கிற எஸ்தர், இடம் இல்லாமல் அன்று கால்மாட்டில் நின்றாள். துணியை உரிக்க உரிக்க சீனித்தாய் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கால் விரல்கள் மட்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன, நகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எத்தனை கொட்டை என்று கேட்டதற்கு ஒன்று என்றாள்.

எல்லாரும் போன பிறகு எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நெசமாச் சொல்லு சீனித்தாயி. வலிக்கலையா?"

சீனித்தாய் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வலிக்குன்னு சொன்னா வீட்டுக்கு விடமாட்டீகளாம்லா. முப்பிடாதி அக்கா வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ. கைப்பிள்ளய விட்டுட்டு வந்து கெடக்கேன், டாக்டரம்மா."

பக்கத்துக் கட்டில் முப்பிடாதியை விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. முன்பெல்லாம் யாராவது கதறினால் கட்டுப் பிரிப்பதை அடுத்த நாளைக்குத் தள்ளிவிடுவார்களாம். புண் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கிடப்பது நீளுமாம். கத்தியவர்கள் வீடு திரும்பத் தாமதமானதை மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன்பின் புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் பழைய ஆள் காதில் போட்டுவிடுவாள்.

எவ்வளவு வலிக்கிறது என்றுதான் எஸ்தர் கேட்டிருந்தாள். வீட்டுக்குப் போகிறாயா, இன்னும் இருக்கிறாயா என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டாள். இதுவரை சேர்த்தது எதுவும் ஆகாது, முதலிலிருந்து தொடங்கப் போகிறேன் என்றாள். கட்டுரைக் கடைசியில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் போதாதா என்று அவர் கேட்டார்.

"அந்த வரிய யாரும் படிக்கமாட்டாங்க சார். மருந்தை மட்டும் நிறுத்திருவாங்க."

சரி, அடுத்த மாநாட்டுக்குப் பார்ப்போம் என்றார் அவர்.

வீட்டுக்கு அனுப்புவது சர்ஜன் பால்துரையின் கையில் இருந்தது. எஸ்தர் அவரை ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போனாள். முனகிக்கொண்டே வந்தவர், புண் ஆறினால் வீட்டுக்கு, அழுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

"அப்பம் இத்தன நாளும் சும்மாவா பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தோம்?" என்று முப்பிடாதி கேட்டாள்.

அடுத்த முறை முதல் சுற்றுத் துணியை எடுத்ததுமே சீனித்தாய் எட்டுக் கொட்டை என்றாள். பால்துரையின் கை அப்படியே நின்றது. எஸ்தர் கெட்டமினை ஏற்றினாள். தெளிந்ததும் சீனித்தாய், வலி தெரியவில்லை, ஆனால் கட்டிலோடு மேலே போனது மாதிரி இருந்தது என்றாள்.

"பயந்துட்டேன். பயத்துக்கும் கொட்ட வைக்கணுமா?"

எஸ்தர் சிரித்துவிட்டாள். ஆனால் மறுநாளிலிருந்து அதையும் எல்லாரிடமும் தனியாகக் கேட்டாள்.

ஆராய்ச்சி முடிய மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. புது மருந்து பெரும்பாலோருக்கு வலியை நன்றாகவே குறைத்தது. சிலருக்குக் கெட்ட கனவும் தந்தது. சென்னையில் வாசித்தபோது, தூக்கிப்போட்ட முதல் பகுதியைப் பற்றித்தான் எஸ்தர் முதலில் பேசினாள். வீணாய்ப் போனதை ஏன் சபையில் சொல்ல வேண்டும் என்று மூத்த டாக்டர் ஒருவர் கேட்டார். வேறு வார்டில் வேறு யாராவது இதே கேள்வியைக் கேட்கப் போகிறார்களே, அவர்களுக்காக என்றாள். ஆஸ்பத்திரி மருந்தைத் தொடர்ந்து வாங்கியது.

சீனித்தாய் அதற்கு வெகு முன்பே ஊர் போய்விட்டாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஒருமுறை காட்ட வந்தபோது பிள்ளை இடுப்பில் இருந்தது. வீட்டுக்குப் போன அன்று பிள்ளை தன்னை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுததாகச் சொன்னாள். இப்போது இறக்கிவிட்டால்தான் அழுகிறதாம்.