பீரங்கிக்காரனின் வெள்ளை ஏப்ரன்

ஃப்ரீமேசன் சங்கத்தின் மண்டபத்தில் அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் 'சகோதரர்' என்று அழைத்துக்கொள்ளும் ஆண்களின் ரகசியச் சங்கம் அது; மற்ற நாட்களில் பெண்களை வாசற்படி தாண்ட விடாது. செத்துப்போன தம்பியின் தயவில் இன்று அவளுக்கு ராஜ மரியாதை.

தம்பி பீரங்கிப் படையில் இளம் அதிகாரி. சங்கத்தில் சேர்ந்து இரண்டே மாதத்தில் போருக்குப் போனவன் திரும்பவில்லை. எதிரியின் குண்டு அவன் பீரங்கி நின்ற குழியிலேயே வந்து விழுந்ததால், வீட்டுக்கு அனுப்பி வைக்க எதுவும் மிஞ்சவில்லை.

மேடையில் சங்கத் தலைவர் அளந்துகொண்டிருந்தார். மர வியாபாரி. போர் நடந்த காலம் முழுவதும் அவர் காதில் விழுந்த பெரிய சத்தம் அவர் கடை ரம்பத்தின் சத்தம்தான்.

"உருவிய வாளோடு எதிரிகள்மேல் பாய்ந்தார் நம் சகோதரர்" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பீரங்கிக்காரன் மைல் கணக்கில் தள்ளி நின்று, கணக்குப் போட்டுச் சுடுகிறவன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலும் தம்பி, வெங்காயம் நறுக்கினாலே விரலை வெட்டிக்கொள்கிறவன்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வந்தது பேச்சுக் கேட்க இல்லை. சங்கத்தில் சேருகிறவர்களுக்கு ஆட்டுத்தோலில் செய்த வெள்ளை ஏப்ரன் ஒன்று கொடுப்பார்கள். கூட்டத்துக்கு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஆள் செத்தால் உடலோடு அதையும் புதைப்பது அவர்கள் வழக்கம். தம்பிக்கு உடல்தான் இல்லை.

"அதையாவது வாங்கிட்டு வாடி. வெறும் மண்ணு மேல கல்லை நட்டு நான் யாரைப் பாத்து அழறது?" என்று அம்மா கேட்டிருந்தாள். தலைவரிடம் சொன்னபோது, "விழா முடியட்டும்மா, எங்க போயிடப்போகுது" என்றிருந்தார்.

மேடையில் திரை விலகியது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஏப்ரன். சுற்றிலும் நீலப் பட்டுக் கரை, இரண்டு பக்கமும் வெள்ளிக் குஞ்சம். மறுபடியும் கைதட்டல்.

அக்கா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கரையும் கிடையாது, குஞ்சமும் கிடையாது. தம்பியுடையதில் நாடா அறுந்துபோய், அவனுடைய பழைய சீருடையிலிருந்து காக்கித் துணியைக் கிழித்து அவளே தைத்துக் கொடுத்திருந்தாள்.

"இது என் தம்பியோடது இல்லைங்க."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் சங்க விஷயம்மா. உங்களுக்குப் புரியாது."

"வெள்ளிக் குஞ்சம் புரியுதுங்க. அவனுக்கு ஏது இது?"

"ஒரு மரியாதைக்கு வச்சதும்மா. வெறும் வெள்ளைத் தோலை மாட்டினா பாக்க நல்லாவா இருக்கும்? இது என்னோட பழசு."

"அப்ப அவனோடது எங்க?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையில் தீட்டியிருந்த நட்சத்திரங்களை ஆராய்ந்தார். உள்ளேயிருந்து பலகாரம் பொரியும் வாசனை வந்தது. இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அக்கா கதவு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசிக் கதவு சமையலறை. அடுப்புக்கு முன்னால் சமையல்காரர் நின்றிருந்தார். அவர் இடுப்பில் எண்ணெயும் மஞ்சளும் அப்பிய தோல் ஏப்ரன். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது காக்கி நாடா.

"இதை யார் குடுத்தாங்க?"

"செயலாளர் ஐயாதாங்கக்கா. ஏப்ரன் ஒண்ணு அலமாரியில சும்மா கெடக்குது, கட்டிக்கோன்னாரு. நல்ல தோல், எண்ணெய் தெறிச்சாலும் சுடலை."

"என் தம்பியோடது."

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். மடித்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் சங்கத்து ஆள் இல்லை. அதனாலோ என்னவோ வெட்கப்படத் தெரிந்திருந்தது.

தலைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அடடா, கறையா இருக்கேம்மா. வேணும்னா பெட்டியில இருக்கிறதையே எடுத்துட்டுப் போங்க. அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"அது வேண்டாங்க. உங்க உடம்போட புதைக்க வேண்டியது. பத்திரமா வச்சுக்கோங்க."

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விழா விழாதானே. மேடைக்கு ஓடி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலியைத் தொடங்கிவைத்தார்.

எண்ணெய் வடியும் ஏப்ரனை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நடுவழியில் வந்தபோது, சகோதரர்கள் அனைவரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் தலை குனிந்து, கண் மூடி நின்றிருந்தார்கள். ஒருவர் மட்டும் பலகார வாசனை மூக்கில் ஏறி ஒரு கண்ணைத் திறந்தார். தட்டு வரவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

செருப்புச் சத்தம் எல்லோர் காதிலும் விழட்டும் என்று அழுத்தி அழுத்தி வைத்து அக்கா வெளியே நடந்தாள்.