அவசரமில்லை என்று சொன்ன டாக்டர்

தலைநகரில் எம்.பி.க்கள் குடியிருக்கும் சவுத் அவென்யூவுக்குள் ஆட்டோ திரும்பியபோது அன்னாவுக்குத் தான் தூங்குகிறோமா, விழித்திருக்கிறோமா என்று உறுதியாகத் தெரியவில்லை. மரங்கள் பாதிவரைக்கும்தான் இருந்தன. மீதியைப் பனி தின்றிருந்தது. ஆட்டோக்காரரின் கழுத்துத் துண்டு, அதற்கு அப்பால் வெள்ளை. இரவு முழுக்கக் கேஷுவால்டியில் நின்ற கால்கள், உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தன. தூத்துக்குடியில் உப்பு வாரிய அவள் அம்மா, வேலை முடிந்து வந்து படுத்தால் கால் மட்டும் பாத்தியிலேயே நிற்கிறது என்பாள். டாக்டருக்குப் படித்தும் அன்னாவுக்குக் கிடைத்தது அதே கால்தான்.

பக்கத்தில் எபினேசர். அவசர மருத்துவர் சங்கத்தின் செயலாளர், நாகர்கோவில்காரர், அவளுக்கு சீனியர். வாய் ஓயாது.

"மக்கா, உள்ள போனதும் முதல்ல நான் பேசுகேன். நீ வார்டுல நடந்ததச் சொல்லு. அழணும்னா அழு, தப்பில்ல."

"அழுகை வராது அண்ணே. தூக்கம்தான் வருது."

"அப்ப கொட்டாவி விடு. அதுலயும் கண்ணுல தண்ணி வரும்."

அவர்கள் பார்க்கப் போனது பரமசிவம் என்ற எம்.பி.யை. தெற்கத்திக்காரர். கூட்டத்தொடருக்கு அன்று கடைசி நாள். காலை பத்து மணிக்குள் அவர் நோட்டீஸ் கொடுத்தால், மதியம் சபையில் எழுந்து பேசலாம். கேஷுவால்டி வாசலில் காவல் வேண்டும், ஒரே டாக்டரை ராத்திரி பகலாக நிற்க வைக்கக்கூடாது, நாடு முழுக்க அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை. அமைச்சகத்தில் கொடுத்தாகிவிட்டது. அங்கே அது தூங்குகிறது. யாராவது சபையில் சொன்னால் எழுந்து உட்காரும் என்பது எபினேசரின் நம்பிக்கை.

அன்னாவுக்கு அவ்வளவு பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. அவளுக்கு பத்ரி போகக் கூடாது, அவ்வளவுதான்.

பத்ரி அவளோடு ராத்திரி டூட்டி பார்ப்பவன். இங்கேயே ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்தவன். நண்பர்களை இந்தியில் 'யார்' என்றுதான் கூப்பிடுவான். போன வாரம், கொண்டுவரும்போதே உயிர் போயிருந்த ஒருவரைப் பார்த்து அதைச் சொன்னதற்காக, கூட வந்தவர்கள் அவனை இரும்பு ஸ்டூலால் அடித்தார்கள். புருவம் பிளந்தது. இருந்த ஒரே காவலாளி அடுத்த கேட்டில் நின்றார். இப்போது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஃபைல் பார்க்கும் வேலை பத்ரிக்குக் கிடைத்திருக்கிறது. ராஜினாமா எழுதி வைத்துவிட்டான். சாயங்காலம் அனுப்பப் போகிறான். "பார்லிமென்ட்ல ஒருத்தராவது எங்களைப் பத்திப் பேசட்டும் யார். ஒரே ஒரு தடவை. நான் இருக்கேன்" என்று அன்னாவிடம் சொல்லியிருந்தான். அவன் போனால் அந்த ராத்திரிகளில் அவள் தனி.

எம்.பி. வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. நடுவில் ஹீட்டர் சிவந்து எரிந்தது. ரயிலில் பெர்த் கேட்டு ஒரு ஜோடி. தங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று கேட்டு வந்த வியாபாரிகள் நாலைந்து பேர், எல்லாரும் புது ஸ்வெட்டரில். மூலையில், எக்ஸ்ரே உறையை மடியில் வைத்தபடி ஒருவர். சிமெண்ட் ஏறிய நகங்கள். தம்பிக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் வாங்க வந்தவர். அவர் மட்டும் யாரிடமும் பேசவில்லை.

எம்.பி.யின் உதவியாளர் ஜோதிலிங்கம், காதுவரை மஃப்ளர் சுற்றி, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எம்புட்டு அவசரம்?"

"தலை போற அவசரம் சார். நாளை மறுநாள் மச்சினி கல்யாணம்."

"உங்களுக்கு?"

"இன்னைக்கு விட்டா எல்லாம் போச்சு அண்ணாச்சி" என்றார் வியாபாரிகளில் ஒருவர். "ரயிலு நிக்காம போகுது, எங்க பொழப்பும் நிக்காம போகுது."

"பேசத் தெரிஞ்ச ஆளுதான் வே நீரு."

ஹீட்டரின் சூட்டில் அன்னாவின் கண் சொருகியது. சோபாக்கள் மெல்ல நீண்டு தள்ளுவண்டிகளாயின. சுவரில் மாலை போட்ட படங்கள் மானிட்டர்களாகி மினுங்கின. மூலையில் இருந்தவரின் எக்ஸ்ரே உறைக்குள் ஒரு வெளிச்சம் எரிந்தது, அதற்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. யாரோ டிரிப் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போனார்கள். அது டீத் தட்டு. மஃப்ளர் சுற்றிய ஒரு முகம் குனிந்தது.

"டாக்டரம்மா, உங்க விசயம் எம்புட்டு அவசரம்?"

கேஷுவால்டியில் வருகிற ஒவ்வொரு உடம்பையும் பார்த்து அவள் தனக்குள் முதலில் கேட்கும் கேள்வி அது. பதிலுக்கேற்ற நிறப் பட்டையைக் கையில் கட்டுவாள். சிவப்பென்றால் இப்போதே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை காத்திருக்கலாம். அதில் பொய் சொல்லக் கூடாது. தப்பான நிறத்தைக் கட்டினால் அடுத்த கட்டிலில் இருப்பவன் செத்துப்போவான். அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"உசுருக்கு ஆபத்தில்ல. காத்திருக்கலாம். அந்த எக்ஸ்ரே வச்சிருக்காரே, அவர மொதல்ல விடுங்க."

ஜோதிலிங்கம் நிமிர்ந்தார். "இந்த வீட்டுல இப்படி ஒரு பதில நான் கேட்டதே இல்ல" என்றார். குரலில் நிஜமான நன்றி இருந்தது. மூலையில் இருந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். டாக்டர்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்.

எபினேசர் அவள் முழங்கையைப் பிடித்தார். "என்ன பிள்ளே பண்ணுன? நாம என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்?"

"இல்லையா?" என்று கேட்டாள் அன்னா. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"பத்து மணிக்குள்ள ஆகணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ சர்ட்டிபிகேட் குடுத்து அனுப்புற. நல்லாருக்குன்னு எழுதி டிஸ்சார்ஜும் பண்ணிரு."

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எக்ஸ்ரே உறைக்காரர் கடிதத்தோடு வெளியே வந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வியாபாரிகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஜன்னலில் பனி அசையாமல் நின்றது. அன்னாவின் போன் மடியில் துடித்தது. பத்ரி. "போலா க்யா?" ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருந்தான். அதன் கீழே இன்னொன்று. "மெயில் ரெடி."

அவள் எழுந்தாள். பச்சையைக் கட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பச்சை உட்கார்ந்த இடத்திலேயே சிவப்பாகும், சத்தம் போடாமல். அதையும்தான் அவள் படித்திருந்தாள்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் ஜோதிலிங்கத்திடம். "அவசரம்தான்."

"அதுக்குள்ள என்னம்மா ஆச்சு?"

"புதுசா ஒண்ணும் ஆகல. இன்னொரு தடவ பாத்தேன்."

ஜோதிலிங்கத்தின் முகம் வாடியது. "நோட்டீஸ் போயிட்டுதேம்மா. ரயிலு நிக்கிறதுக்குக் குடுத்தாச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுதான். நீங்கதானே காத்திருக்கலாம்னீங்க?" கொஞ்சம் யோசித்தார். "கார்ல ஏறிக்கிடுங்க. போற வழியில ஐயா காதுல போட்டுருங்க. அதுதான் என்னால ஆவும்."

காரில் எபினேசர் முன்னால். அன்னா பின்னால், எம்.பி.யின் பக்கத்தில். பரமசிவம் கனத்த மனிதர். துண்டில் சந்தன வாசம் அடித்தது. கார் பனிக்குள் மெதுவாகப் போனது. ரோட்டில் போவது போலவே இல்லை. தண்ணீருக்கு அடியில் போவது போல இருந்தது.

"சொல்லும்மா. என்ன பிரச்சினை?"

எபினேசர் வாயைத் திறந்தார். எம்.பி. கையமர்த்தினார். "அந்தப் பிள்ள சொல்லட்டும்."

"பத்ரின்னு ஒருத்தன், ஐயா. அவன அடிச்சாங்க. தையல் போட்டது நான். போட்டு முடிச்சதும், அடிச்சவனோட அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. அங்க நாங்க ரெண்டு பேருதான். என் கையில இன்னொரு கேஸ் இருந்துச்சு. அதனால அந்தம்மாவுக்கு அவன்தான் பிரஷர் பாத்தான். தையல் போட்டும் கசிஞ்ச ரத்தம் அவங்க சேலையில விழாம முகத்த ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டே பாத்தான். அடிச்சவன் பக்கத்துலயே நின்னான். அப்புறம் அவனே ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு…"

"எந்த ஸ்டூலு?"

"அதே…" என்றாள் அன்னா. கார் ஒரு வளைவில் சாய்ந்தது. உலகம் அவளோடு சேர்ந்து சாய்ந்து, நிமிராமலே இருந்துவிட்டது.

உப்பளம் முழுக்க வெள்ளை. பாத்தி பாத்தியாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் படுத்திருந்தார், யாரும் முனகவில்லை. அம்மா முழங்காலளவு வெள்ளைக்குள் நின்று பலகையால் வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, ஏட்டி, உன் கால எங்க விட்டுட்டு வந்த, என்றாள்.

கண் விழித்தபோது கார் சவுத் அவென்யூவில், எம்.பி. வீட்டு முன்னால் நின்றது. பனி விலகி வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. அவள் மேல் யாரோ சால்வை போர்த்தியிருந்தார்கள். பரமசிவம் இல்லை. டிரைவர் வெளியே பானெட்டில் சாய்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "சாப் போலே, மத் ஜகானா" என்றார். எழுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எபினேசர் போனைக் காதில் வைத்தபடி நடைபாதையில் உலாத்தினார். அவளைப் பார்த்ததும் வந்தார்.

"என்ன சொன்னாரு அண்ணே?"

"ஒண்ணும் சொல்லல. நீ பாதியில படுத்துட்ட. பார்லிமென்ட் கேட்டுக்கு வந்ததும் மீதிய நான் சொன்னேன். பாக்கலாம்னு எறங்கிப் போயிட்டாரு." திட்டத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "சாப்பிட்டியா, இல்லையா?"

டாக்டர்கள் ஹாஸ்டலில் பத்ரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். புருவத்தில் தையல், ஒரு பக்கம் டேப் ஒட்டிய கண்ணாடி, மடியில் லேப்டாப். அன்னா அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். லேப்டாப்பில் சபை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பாலம் கேட்டார்கள். யாரோ வெங்காயத்தைப் பற்றிப் பேசினார்கள். பரமசிவத்தின் பெயர் கூப்பிட்டபோது பத்ரி ஒலியைக் கூட்டினான்.

அவர் தமிழில் பேசினார். எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும், வியாபாரிகள் கஷ்டப்படுகிறார்கள் என்றார். நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு காகிதத்தை மடித்தார்.

"இன்னொன்று. நமது அரசு மருத்துவமனைகளில் இரவில் நிற்கிற அவசர சிகிச்சை மருத்துவர்கள், தலைவர் அவர்களே. இன்று காலை ஒரு டாக்டர் பெண் என் காரில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். அவர்களை அடிக்கிறார்கள். அவர்களுக்கு…"

மைக் அணைந்தது. அவருடைய நேரம் முடிந்திருந்தது. வாய் மட்டும் அசைந்தது, கண்ணாடித் தொட்டிக்குள் மீன் போல. கையை நீட்டி எதையோ எண்ணிக் காட்டினார். இன்னொருவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானா?" என்றான் பத்ரி.

"இவ்வளவுதான்."

"இது கணக்குல வராது யார்."

"வராதுதான்." அவள் வாதாடவில்லை. "என் தப்பு பத்ரி. எவ்வளவு அவசரம்னு அவரோட பி.ஏ. கேட்டாரு. காத்திருக்கலாம்னு சொல்லிட்டேன்."

பத்ரி அவளைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். தையல் இழுத்தது. கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பாகல், பைத்தியம் நீ. எக்ஸாம்ல கேட்ட மாதிரி பதில் சொல்லிட்டு வந்திருக்கே." சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்."

லேப்டாப்பில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போனார்கள்.

"இன்னிக்கு நைட் யாரு?" என்றான்.

"நான்."

"கூட?"

கூட நிற்க வேண்டியவன் அவன்தான். அவனுக்குத் தெரியாததா.

அவன் சபையை மூடினான். அடியில் ராஜினாமா மெயில் திறந்திருந்தது. அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. லேப்டாப்பை அப்படியே மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கு மத்தியானம்தான் வரச் சொல்லியிருக்கான்" என்றான். "நீ போய்த் தூங்கு. நீ வர்றவரைக்கும் கீழே கேஷுவால்டிய நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு ராத்திரி?"

"நாளைக்கு ராத்திரி பத்தி இப்போ என்கிட்ட கேக்காதே."

அவள் எழுந்து கதவை மூடிக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள்.