நீர் விட்டதும் திரண்டது

மாட்டு வைத்தியம் பார்க்கிற கொழுந்தனுக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, சட்டையைப் பிழியும்படி வியர்வை. பார்த்த டாக்டர்கள் எல்லாம் மனச்சோர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "வேலைக்குப் போக வலிச்சா காய்ச்சல் வராம என்ன செய்யும்?" என்று வாய் கூசாமல் சொன்னார் அவனுடைய அண்ணன்.

அண்ணி மட்டும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. மாட்டின் வயிற்றிலிருந்து செத்த கன்றை இழுக்கும்போது கையுறை கிழிந்துவிட்டது என்று அவன் சொன்னதுமே, இது மாட்டிடமிருந்து தொற்றிய காய்ச்சல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் யார் வந்தாலும் அசைக்க முடியாது.

பரிசோதனைதான் அவளை மதிக்கவில்லை. சிவப்புச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகள் கலந்த நீரில் ஒரு சொட்டு, ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. இரண்டையும் வெள்ளை அட்டையில் கலந்து ஆட்ட வேண்டும். உடம்பு அந்தக் கிருமியோடு மல்லுக்கு நின்றிருந்தால் சீரத்தில் அதற்கான ஆன்டிபாடி இருக்கும். அது கிருமிகளைக் கோத்துப் பிடிக்க, சிவப்பு நீர் திரிந்த பாலாகத் திப்பி தட்டும். அவனுடையது மூன்று முறையும் வழவழவென்றே கிடந்தது.

"இப்பவும் இல்லதானே அண்ணி?" ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணன் சொல்றது சரிதான்போல. நானா கற்பனை பண்ணிக்கறேன். இன்னிக்கே வேலைய விட்டுடறேன்."

"வாய மூடு. கற்பனைக்குச் சட்டை நனையாது."

அதட்டிவிட்டு அட்டையையே முறைத்தாள். மூன்று மாதச் சண்டையில் ஆன்டிபாடி குறைவாக இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் மிதமிஞ்சி இருக்கிறதா? ஆன்டிபாடி ஒரு கையை இந்தக் கிருமியில் போட்டு, மறு கையால் அடுத்ததைப் பிடித்தால்தானே கிருமிகள் சேரும்! ஒவ்வொன்றையும் ஒரு படையே மொய்த்துக்கொண்டால் மறு கை பிடிக்க இடம் ஏது?

தலையில் அடித்துக்கொண்டாள். நீர் கலக்காத சீரத்தில் திரளவில்லையென்றால் நீர் கலந்து பார்ப்பது வீண்வேலை என்பது அந்தக் கூடத்தின் பழக்கம். அவளும் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்திருந்தாள்.

அந்தப் படையைக் குறைக்கச் சீரத்தில் உப்புநீர் விட்டாள். அதில் கொஞ்சம் எடுத்து மறுபடி நீர் விட்டாள். இப்படியே வரிசையாக. கடைசியில் தன் சீரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தாள். அட்டையை ஆட்டினாள். முதல் இரண்டு வட்டமும் பழையபடி கிடந்தன. மூன்றாவது மெல்லத் திரண்டது. நான்காவதில் மணல் மணலாகக் கொட்டிக் கிடந்தது! அவளுடையது மட்டும் வழவழவென்று நல்லபிள்ளையாக இருந்தது.

"வந்து பாருடா! நீ எவ்வளவு சண்டை போட்டிருக்கன்னு பாரு!"

அவன் குனிந்து பார்த்தான். "குணமாகுமா அண்ணி?"

"வாரக்கணக்கா மாத்திரை முழுங்கணும். முழுங்கினா ஓடிடும்."

அவள் கணவரை போனில் பிடித்தாள். "என்ன, ஒண்ணுமில்லன்னுதானே?" என்றார் அவர் எடுத்ததும்.

"உங்க தம்பியே சொல்வான்."

அவன் போனை வாங்கினான். பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்கிறவன்போல் நிமிர்ந்து நின்றான்.

"அண்ணா, எனக்கு நிஜமாவே நோய்ண்ணா!"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கயே இருடா. வர்றேன்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.