தொட்டிக்குள் வெள்ளாமை

மாவடிப்பள்ளி வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, காலில் சேறு படாமலே பெரிய வயல்காரர், போடியார் என்று பெயர் எடுத்தவர் மிஹ்லார். அவர் இன்று மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருப்பதை மனைவி ஹிமாயா பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் தேங்காய் துருவ வளையாத கை அது. நெட்டையாய் வளர்ந்த செடிகளின் நுனிகளைக் கத்தரித்து, இடுக்கியால் மணலில் வரிசை பிசகாமல் நட்டது. கடைசியில் ஒரு கரண்டி யூரியாவையும் போட்டது.

"மீனுக்கு ஒண்டும் செய்யாதா?"

"போடியாருக்கே பசளை படிப்பிக்கிறியா?"

விடிந்தபோது மீன்களெல்லாம் செத்து மிதந்தன. செடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. மிஹ்லார் செத்த மீன்களை ஒவ்வொன்றாக அள்ளி வெளியே வைத்தார்.

ஹிமாயா தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த வயலையும் குத்தகைக்குக் குடுத்திருந்தா, மீனாவது உசிரோட இருந்திருக்கும்."